எழுத்தாளர் குரல் ஏரியூருக்கும் எட்டட்டும்!

நம் காலத்து எழுத்தாளர்கள் தாங்கள் எழுதியதைத் தங்கள் வாயாலேயே வாசிக்கிறார்கள். வாசித்த பின் எதிரே இருப்பவர்களுடன் அதைப் பற்றி விவாதிக்கிறார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். சில சமயம் பதில் சொல்ல முடியாமல் திணறவும் செய்கிறார்கள். இவையெல்லாம் வீடியோவாகப் பிடிக்கப்பட்டு, கைப்பேசி வைத்திருக்கும் எவரும் எந்த நேரத்திலும் பார்க்கும்படி கிடைக்கின்றன. தமிழில் மட்டும் இப்படி மலைபோல் குவிந்து கிடக்கிறது.

இது படித்த கனவான்களின் பொழுதுபோக்கு, மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கூலி உயர்வு, போனஸ், வேலை நிரந்தரம், குடிமனைப் பட்டா என்று பிரச்னைகள் தலைக்கு மேல் இருக்கும்போது கதை கேட்க நேரம் ஏது என்பது அவர்களுடைய வாதம்.

இந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. வயிற்றுக்குச் சோறு கேட்கிறவனுக்குக் காதுக்கும் மனதுக்கும் ஒன்றும் வேண்டாம் என்று முடிவு கட்ட எவருக்கும் உரிமை கிடையாது. நேரம் இல்லை என்பதும் சரியல்ல. ஷிப்டு முடிந்து படுக்கப் போகும் வரை கைப்பேசியில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நேரத்தில் ஓடுவது என்ன, அதைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதுதான் கேள்வி. தருமபுரி மாவட்டம், பென்னாகரம் தாலுகாவைச் சேர்ந்த ஏரியூரை வைத்தே இதைப் பார்ப்போம்.

மண்டபத்துக்கும் ஏரியூருக்கும் உள்ள தூரம்

ஏரியூர்ப் பகுதி மேட்டூர் நீர்த்தேக்கத்தை ஒட்டிக் கிடக்கிறது. நாகமரையிலிருந்து தண்ணீரைக் கடந்தால் பண்ணவாடி. ஜனங்கள் ராகி, நிலக்கடலை, மரவள்ளி போட்டுப் பிழைக்கிறவர்கள். தண்ணீர் வற்றினால் நீர்த்தேக்கப் படுகையில் பயிர் வைக்கிறவர்கள், தண்ணீர் நிறைந்தால் மீன் பிடிக்கிறவர்கள் உண்டு. மழை ஏமாற்றினால் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூருக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் போகிறவர்கள் அநேகம் பேர். வீட்டில் ஒருவர் மில்லில், ஒருவர் கட்டட வேலையில், மீதிப் பேர் காட்டு வேலையில் என்பது இங்கே சகஜம்.

இலக்கியக் கூட்டம் எங்கே நடக்கிறது? சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் நடக்கிறது. எப்போது நடக்கிறது? பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் இரண்டாம் ஷிப்டுக்காரர் மிஷின் முன்னால் நிற்கிறார். களை எடுத்துவிட்டு வந்த பெண் அப்போதுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறாள். ஏரியூரிலிருந்து சென்னைக்குப் போய்வருவதென்றால் பஸ் செலவோடு இரண்டு நாள் கூலியும் போய்விடும். மண்டபத்தின் வாசலில் யாரும் காவல் நிற்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் தூரமும் நேரமும் காசும் சேர்ந்து எழுப்பிய சுவர் ஒன்று அங்கே நிற்கிறது. உள்ளே போக முடியாமல் நிறுத்தி வைப்பதற்கு அந்தச் சுவரே போதும்.

இந்தச் சுவரில்தான் வீடியோ முதல் ஓட்டையைப் போட்டது. சுருதி டி.வி. என்ற பெயரில் கபிலனும் அவருடன் சேர்ந்தவர்களும் ஊர் ஊராகப் போய் இலக்கியக் கூட்டங்களைப் படம் பிடித்துப் பல ஆண்டுகளாக யூடியூபில் போட்டு வருகிறார்கள். இவர்கள் பெரிய டெலிவிஷன் கம்பெனி அல்ல. சினிமாக்காரர் வரும் விழாவுக்குத்தான் காமிரா என்றிருந்த காலத்தில், ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் புத்தக வெளியீட்டுக்கும் காமிராவைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நடக்கும் 'பொன்மாலைப் பொழுது' பேச்சுகளும் வீடியோவாகக் கிடைக்கின்றன. 2022, 2023 ஆண்டுகளில் மாநில சர்க்கார் பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆற்றின் பெயர் வைத்து இலக்கியத் திருவிழாக்கள் நடத்தியது. நம் மாவட்டத்திலும் தகடூர் புத்தகப் பேரவை தருமபுரியில் புத்தகத் திருவிழா நடத்தி எழுத்தாளர்களை அழைத்துப் பேச வைக்கிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகம் தனது டில்லி அலுவலகத்தின் மூலம் 2000-ம் ஆண்டு தொடங்கி, தெற்காசிய எழுத்தாளர்கள் தங்கள் படைப்பைத் தாங்களே வாசிப்பதை ஒலிப்பதிவு செய்து சேர்த்தது. தமிழ் எழுத்தாளர்களின் குரலும் அதில் இருக்கிறது. வாஷிங்டனுக்கு எட்டிய தமிழ்க் குரல் ஏரியூருக்கு எட்டக் கூடாதா?

அந்தக் குரல் யாருடையது?

எழுத்தாளர் என்றால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஆகாயத்தைப் பார்க்கிறவர் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அது பழைய படம். இன்றையத் தமிழ் எழுத்தாளர்களில் நம்மைப் போல் உழைத்துப் பிழைத்தவர்கள் நிறையப் பேர்.

விருத்தாசலத்துக்காரர் கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக் வேலை பார்த்தவர். பஸ் பணிமனைத் தொழிலாளர்களின் வாழ்க்கையை 'நெடுஞ்சாலை' என்ற நாவலாக எழுதினார். ஸ்பானர் பிடித்த கைதான் பேனாவையும் பிடித்தது.

கோவை மு.சந்திரகுமார் ஆட்டோ ஓட்டியவர். ஆந்திரத்தின் குண்டூருக்குப் பிழைக்கப் போன இடத்தில், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லிப் போலீஸ் கொட்டடியில் பட்ட சித்திரவதையை 'லாக்கப்' என்ற புத்தகமாக எழுதினார். அதுதான் வெற்றிமாறன் இயக்கத்தில் 'விசாரணை' என்ற படமாகி 2015-ல் வெனிஸ் படவிழாவுக்குப் போனது. வேறு மாநிலத்துக்கு வேலை தேடிப் போகிற தருமபுரிக்காரருக்கு இந்தப் புத்தகத்தைப் பற்றி எவரும் விளக்க வேண்டியதில்லை. 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அதில் நம் மாவட்டத்து ஏழைகளும் இருந்தார்கள்.

கோவில்பட்டிப் பக்கத்து சோ.தர்மன் ஒரு கண்மாயையும் அதை நம்பிய ஜனங்களையும், அந்தக் கண்மாய் பாழாய்ப் போன கதையையும் 'சூல்' என்ற நாவலில் எழுதினார். 2019-ல் அதற்குச் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. பெயரிலேயே ஏரியைச் சுமந்துகொண்டிருக்கும் ஊர்க்காரர்கள் அந்தப் பேச்சைக் கேட்டால் அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பெட்டிக்கடை வைத்துப் பிழைத்த மேலாண்மை பொன்னுச்சாமி அதே பரிசை 2007-ல் பெற்றார். நாமக்கல் பக்கத்து கு.சின்னப்ப பாரதி சர்க்கரை ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி 'சர்க்கரை' நாவலும், கொல்லிமலை ஜனங்களைப் பற்றி 'சங்கம்' நாவலும் எழுதினார். இவ்விருவரும் இன்று இல்லை. பொன்னுச்சாமி 2017-லும் சின்னப்ப பாரதி 2022-லும் காலமானார்கள்.

நீர்த்தேக்கத்துக்கு அப்பால் மாதேஸ்வரன் மலைப் பக்கமும் சத்தியமங்கலம் காட்டிலும் வீரப்பன் வேட்டை என்ற பெயரில் அதிரடிப்படை மலைஜனங்களுக்கு இழைத்த கொடுமையை, வழக்கறிஞர் ச.பாலமுருகன் 2004-ல் 'சோளகர் தொட்டி' என்ற நாவலாக எழுதினார். அந்தக் காலத்தின் பயம் என்னவென்று நம் பகுதிப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாமா 1992-ல் 'கருக்கு' எழுதியபோது, சேரித் தெருவில் பேசும் பேச்சை அப்படியே அச்சில் ஏற்றினார். இப்படியும் எழுதலாமா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்று அது பல மொழிகளில் படிக்கப்படுகிறது.

இவர்கள் எழுதியது நம் கதை. நம் கதையைப் பற்றி மற்றவர்கள் கூடிப் பேசும்போது நாம் மட்டும் அங்கே இல்லாமலிருப்பது என்ன நியாயம்?

கேட்டுத் தெரிந்துகொள்வதும் கல்விதான்

2011 ஜனத்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 80 பேர். தருமபுரி மாவட்டத்தில் 68 பேர்தான். மாநிலத்திலேயே கடைசி இடம். இதற்கு யார் பொறுப்பு என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் எழுத்துத் தெரியாத ஒரே காரணத்துக்காக நம் தாய்மாரும் பெரியவர்களும் இலக்கியத்துக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை. எழுத்தாளர் தாமே வாசிக்கும் குரல் அவர்களிடம் நேராகப் போய்ச் சேரும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. திரௌபதி அம்மன் கோவில் மைதானத்தில் பாரதம் படிக்கக் கேட்டு வளர்ந்த ஜனங்கள் நாம். விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு, கர்ணனுக்கு நடந்தது நியாயமா அநியாயமா என்று மறுநாள் காட்டு வேலையில் வாதாடியவர்கள் நாம். எழுத்துத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று பத்திரிகைச் செய்தியைக் கேட்பது டீக்கடையில் நடந்துவந்த காரியம்.

வாசிக்கக் கேட்பதில் இன்னொரு லாபம் உண்டு. வட்டாரப் பேச்சில் எழுதிய கதையைக் கண்ணால் படிக்கும்போது, படித்தவர்களே தடுக்கி விழுகிறார்கள். எழுதியவர் வாயால் கேட்கும்போது, எங்கே நிறுத்துகிறார், எங்கே இழுக்கிறார், எது ஏச்சு, எது கேலி என்பதெல்லாம் தானாக விளங்கிவிடுகிறது. கரிசல் காட்டுப் பேச்சைக் கி.ராஜநாராயணன் தம் வாயால் சொல்லக் கேட்டவர்கள் இதை அறிவார்கள். அவர் 2021 மே 17-ல் மறைந்தார், குரல் இருக்கிறது. 1921-ல் மறைந்த பாரதி எப்படிப் பாடினான் என்பதை, கேட்டவர்கள் எழுதி வைத்ததைக் கொண்டுதான் நாம் ஊகித்துக்கொள்கிறோம். அவன் காலத்தில் கிராமபோன் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து பாட வசதியுள்ளவர்கள் வேறு. கைப்பேசியே காமிராவாகிவிட்ட இந்தக் காலத்தில், ஏழை எழுத்தாளரின் குரல் வீணாய்ப் போக இனி ஒரு காரணமும் கிடையாது.

சுருட்டுத் தொழிலாளர்கள் காட்டிய வழி

உழைப்பாளிக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிலாளர்கள் 150 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள்.

1865 டிசம்பரில் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றில் புது வழக்கம் ஒன்று தொடங்கியது. தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்க வாசித்தார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி அல்ல. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். ஆகவே என்ன வாசிக்க வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். கை வேலை செய்யும், காது படிக்கும். எழுத்தறியாத தொழிலாளிகள் பெரிய பெரிய நாவல்களின் பாத்திரங்களை அண்டை வீட்டுக்காரரைப் போலத் தெரிந்து வைத்திருந்தார்கள். 'மாண்டி கிறிஸ்டோ' என்ற சுருட்டுப் பெயரே அப்படி வாசித்துக் கேட்ட ஒரு பிரெஞ்சு நாவலிலிருந்து வந்ததுதான்.

அதிகாரிகள் சும்மா இருந்தார்களா? 1866-லேயே தடை போட்டார்கள். தடையை மீறி அந்த வழக்கம் உயிர்த்தெழுந்தது. கியூபாவிலிருந்து அமெரிக்காவின் டாம்பா நகரத்துக்குப் போன தொழிலாளர்கள் வாசிப்பவரையும் தங்களுடன் கொண்டுபோனார்கள். 1931 நவம்பரில் டாம்பா முதலாளிகள், வாசிப்பவர் தொழிலாளரைத் தூண்டிவிடுகிறார் என்று சொல்லி அந்த மேடையையே ஒழித்தார்கள். தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். கடைசியில் அந்த மேடை திரும்பவில்லை. அதன் இடத்துக்கு வந்தது ரேடியோ!

இதைக் கவனிக்க வேண்டும். முதலாளிகள் தொழிலாளியின் காதை மூடிவிடவில்லை. காதில் விழுவது என்ன என்று தீர்மானிக்கும் உரிமையைத்தான் பறித்தார்கள்.

நமக்கு அருகிலேயும் உதாரணம் உண்டு. கேரளத்துக் கண்ணூர்ப் பகுதியில் பீடித் தொழிலாளர்கள் சுற்றும்போது ஒருவர் பத்திரிகையும் புத்தகமும் வாசிப்பார். வாசிப்பவருக்குக் கூலி நஷ்டமாகாதபடி, மற்றவர்கள் தாங்கள் சுற்றிய பீடியில் ஒரு பங்கை அவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். 1969-ல் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கத்திலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. கேரளத் தொழிலாளி விவரம் தெரிந்தவர் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அந்த விவரம் வந்த வழிகளில் இதுவும் ஒன்று.

தேர்ந்தெடுப்பது யார்?

இப்போது நம் கைப்பேசிக்கு வருவோம். எழுத்தாளர் பேச்செல்லாம் கிடைக்கிறது என்று சொன்னோம். கிடைப்பது வேறு, நம் கண்ணில் படுவது வேறு.

யூடியூப் என்பது தர்ம சத்திரம் அல்ல. 2006-ல் கூகுள் கம்பெனி 165 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கிய வியாபாரம். நாம் எவ்வளவு நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறோமோ அவ்வளவுக்கு விளம்பரம் ஓடும். விளம்பரம் ஓடினால் லாபம். ஆகவே நம்மை உட்கார வைப்பது எதுவோ அதைத்தான் அது வரிசையாக எடுத்துப் போடும். சண்டை, வசை, சாதிப் பெருமை, சினிமாக் கிசுகிசு, ஒரே நாளில் பணக்காரனாகும் வித்தை எல்லாம் கேட்காமலே வந்து விழும். ஒரு மணி நேரம் நிதானமாகத் தன் நாவலைப் பற்றிப் பேசும் எழுத்தாளரை, நாம் பெயரைத் தட்டித் தேடினால் ஒழியக் காண முடியாது.

1950-களிலும் 60-களிலும் கிராமத்துக்கு ஒரு பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. ஊரே அதைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது. கேட்டதைப் பற்றி அங்கேயே பேசியது. இன்று ஆளுக்கொரு கருவி இருக்கிறது. ஆனால் ஒருவர் கேட்பது அடுத்தவருக்குத் தெரியாது. ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்திருக்கும் திருப்பூர் லைன் வீட்டில், எட்டுப் பேரும் எட்டுத் திசையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நூற்பாலை விடுதிப் பெண்கள் பலருக்குக் கைப்பேசி வைத்துக்கொள்ளும் உரிமையே கிடையாது.

டாம்பாவில் வாசிப்பவரை இறக்கிவிட்டு ரேடியோவை ஏற்றினார்கள். இங்கே எவரையும் இறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. நாமாகக் காசு கொடுத்துக் கருவியை வாங்கி, என்ன கேட்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பை கம்பெனியின் கணக்குக்கு விட்டுவிட்டோம் என்றால், அந்தச் சுருட்டுத் தொழிலாளர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பேச்சைக் கேட்டால் போதுமா?

எழுத்தாளர் வீடியோ என்ற பெயரில் வருவதெல்லாம் தங்கம் என்று நாம் சொல்லவில்லை. பொன்னாடை, புகழுரை, ஒருவரை ஒருவர் தட்டிக் கொடுத்தல் என்று ஒரு மணி நேரம் ஓடி, புத்தகத்தைப் பற்றி ஐந்து நிமிஷம்கூடப் பேசாத கூட்டங்களும் உண்டு. அவற்றைத் தள்ளிவிடலாம்.

எழுத்தாளரைச் சினிமா நடிகராக்கி அவர் சொன்னதே வேதம் என்று கைதட்டுவது கூடாது. நன்றாக எழுதுகிறவர் எல்லா விஷயத்திலும் சரியாகப் பேசுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கூலியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் நம் அனுபவத்துக்கு ஒவ்வாத அபிப்பிராயத்தை அவர் சொன்னால், மேடை பெரிதாயிற்றே என்று நாம் தலையாட்ட வேண்டியதில்லை. மறுத்துப் பேசலாம், பேசத்தான் வேண்டும்.

வீடியோ புத்தகத்துக்குப் பதில் ஆகிவிடவும் கூடாது. திருவண்ணாமலை பவா செல்லதுரை மற்றவர்கள் எழுதிய கதைகளை மேடையில் சொல்லுகிறார்; திரளான ஜனங்கள் கேட்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் கதையைச் சொல்லக் கேட்டாயிற்று, இனிப் படிப்பானேன் என்று இருந்துவிட்டால், எழுதியவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி வைத்ததை இழந்துவிடுகிறோம். அரை நிமிஷத் துண்டாக வெட்டிப் போடும் வீடியோவில் மிஞ்சுவது சவடால் மட்டுமே. பேச்சு நம்மைப் புத்தகத்தின் வாசல் வரை கொண்டுவந்து விட வேண்டும். அதற்குமேல் நாம்தான் நடக்க வேண்டும்.

உதாரணமாக, திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெருமாள்முருகனை எடுத்துக்கொள்வோம். பண்ணையில் ஆடு மேய்க்கும் சிறுவர்களைப் பற்றிக் 'கூளமாதாரி' எழுதியவர். 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த மிரட்டலால், தாம் எழுத்தாளனாக இறந்துவிட்டதாக 2015 ஜனவரியில் அறிவிக்க நேர்ந்தவர். எழுத்தாளரை மீண்டும் எழுத விடவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5-ல் தீர்ப்புச் சொன்ன பிறகு மறுபடி எழுதினார். எழுத்தாளர் வாய் திறந்து பேசுவது சாதாரணக் காரியம் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

அவர் 2013-ல் எழுதிய நாவல் 'பூக்குழி'. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட இருவரைக் கிராமம் என்ன பாடு படுத்துகிறது என்பது கதை. அந்தப் புத்தகத்தை அவர் தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கினார். 2012 நவம்பரில் நத்தம் காலனியில் வீடுகள் எரிந்ததையும், 2013 ஜூலை 4-ல் அந்த வாலிபன் பிணமாகக் கிடந்ததையும் நம் மாவட்டம் மறக்கவில்லை. நாவலில் அந்தப் பெண்ணின் சாதி இன்னதென்று கடைசி வரை சொல்லப்படவே இல்லை. ஏன் சொல்லவில்லை? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஏரியூர்த் திண்ணையில் எல்லாத் தெருக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு ராத்திரி பேசட்டும். மில்லில் ஒரே சைடில் நிற்கிறவர்கள், வயலில் ஒரே வரிசையில் குனிகிறவர்கள், ஊருக்குத் திரும்பியதும் தனித்தனித் தெருவுக்குப் போய்விடுகிறோமே, இது யாருக்கு லாபம் என்ற கேள்வி தானாக எழும். இலக்கியம் செய்யக்கூடிய காரியம் இது. தனியாக ஒருவர் கைப்பேசியில் பார்த்துவிட்டுப் படுத்தால் இது நடக்காது.

நாம் செய்யக்கூடியது

இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். ஒரு கைப்பேசி, அதோடு இணைக்கும் ஒரு சிறு ஒலிபெருக்கி, உட்கார ஒரு திண்ணை. இருபது பேர் கூடினால் போதும்.

வாரத்தில் ஒரு நாள், வார விடுமுறை நாளோ சந்தை நாளோ, எல்லோருக்கும் தோதான ராத்திரியாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். பெண்கள் வந்து உட்காரக்கூடிய நேரமாகவும் இடமாகவும் இருக்க வேண்டும். எந்த எழுத்தாளர், எந்தப் பேச்சு என்பதை முந்தின வாரமே கூடிப் பேசித் தேர்ந்தெடுக்க வேண்டும். முறை வைத்து ஆளுக்கொரு வாரம் பொறுப்பேற்கலாம். அரை மணி நேரம் கேட்பது, பிறகு அதே புத்தகத்திலிருந்து ஓர் அத்தியாயத்தை எழுத்துத் தெரிந்த பிள்ளை ஒருவர் உரக்கப் படிப்பது, பிறகு விவாதம். பிடித்தது பிடிக்காதது இரண்டையும் எழுத்தாளருக்குக் கடிதமாக எழுதலாம். மண்டபத்துக் கைதட்டலைவிட, புத்தகத்தில் வரும் வேலையைச் செய்கிற ஒருவரின் கடிதம் எழுத்தாளருக்கு அதிகம் பயன்படும். நாற்று நடுவதையோ நூல் இழை ஒட்டுவதையோ தப்பாக எழுதியிருந்தால் அதைத் திருத்தத் தகுதியுள்ளவர் அவரே.

திருப்பூரிலும் கோவையிலும் இருக்கும் ஏரியூர்க்காரர்கள் தங்கள் லைன் வீட்டிலும் இதைத் தொடங்கலாம். அதே வாரம் அதே பேச்சை ஊரிலும் கேட்கிறார்கள் என்றால், போனில் வீட்டாரோடு பேசும்போது மழை, கடன், காய்ச்சல் தவிரப் பேச இன்னொன்றும் இருக்கும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. கேட்பதோடு நிற்காமல் நாமும் பதிவு செய்ய வேண்டும். ஒப்பாரி சொல்லத் தெரிந்த பாட்டிகள், ராத்திரி முழுக்கப் பாடும் கூத்துக்காரர்கள், மேட்டூர் அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது ஊர் முழுகிய கதையைத் தம் பெற்றோர் வாயால் கேட்ட முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அணை முடிந்தது 1934-ல். அந்தக் கதையைச் சொல்லக்கூடிய வாய்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகின்றன. புத்தகம் போடாதவர்கள் என்பதால் அவர்கள் சொல்வது இலக்கியம் அல்ல என்று ஆகிவிடாது.

சர்க்கார் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டுப் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. அந்தச் சட்டப்படி, நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்ந்து போகிறது. ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். ஆகவே நூலகம் எவரும் போடும் பிச்சை அல்ல, நம் காசு. சென்னையில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறந்தது நல்லதே. ஆனால் பெரிய நகரத்தில் மாளிகை, மலையடிவாரத்தில் பூட்டிய அறை என்று இருக்கக் கூடாது.

நாம் கேட்பது மிகையல்ல. பென்னாகரம் தாலுகா நூலகங்கள் உழைப்பாளிகள் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு திரையும் ஒலிபெருக்கியும் வைத்து, வாரம் ஒரு எழுத்தாளர் பேச்சைப் போட்டுக் காட்ட வேண்டும்; பேசப்படும் புத்தகம் அங்கேயே கைக்குக் கிடைக்க வேண்டும். எழுத்தாளர்களின் குரல் முழுவதும் ஒரு அந்நியக் கம்பெனியின் கிடங்கில் மட்டும் இருப்பது ஆபத்து. நாளை அந்தக் கம்பெனி விதியை மாற்றினால் என்ன கதி? பதிவு செய்தவர்களுக்கு உரிய ஊதியம் கொடுத்து, எழுத்தாளர்களின் சம்மதத்தோடு, பொது நூலகத் துறை ஒரு பிரதியைத் தன் பொறுப்பில் வைத்துக் காக்க வேண்டும். இலக்கியத் திருவிழா பெரிய நகரங்களில் நடந்தது போதும். ஒன்று பென்னாகரத்தில் நடக்கட்டும், எழுத்தாளர்கள் ஏரியூருக்கும் வந்து உட்காரட்டும். மில் நிர்வாகங்கள் விடுதிப் பெண்களுக்கு ஓய்வறையில் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைப் போட்டுக் காட்டட்டும்; எதைப் போடுவது என்பதை அந்தப் பெண்களே தீர்மானிக்கட்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஹவானாத் தொழிலாளி முதலாளியிடம் சம்பளம் வாங்கிக் கொடுங்கள் என்று காத்திருந்து வாசிப்பவரை நியமிக்கவில்லை. தன் கூலியிலிருந்து கொடுத்தார். அதனாலேயே உரிமையும் தன் கையில் வைத்திருந்தார்.

குரல் இருக்கிறது. கருவியும் கையில் இருக்கிறது. வரும் வாரம் எதைக் கேட்பது என்று கூடிப் பேசித் தீர்மானியுங்கள். கேட்டுவிட்டு வாதாடுங்கள். வாதாடியதை எழுதுங்கள்!